வாங்கினவன்தான் பேச வேண்டுமா?

நம் வேலூர் போட்டோகிராபர் குழுவில் நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் குடியாத்தம் வரைக்கும் போயிருக்கிறது என்று காலையில் ஒருவர் போன் செய்து சொன்னார். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. நிக்கான் இசட்8 கேமரா பற்றி நான் போட்ட குறிப்புக்குக் கீழே, "வாங்க வக்கில்லாதவன் எல்லாம் ரிவ்யூ போட ஆரம்பிச்சிட்டான்" என்று ஒரு மூத்தவர் எழுதினார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே மண்டபத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து வேலை பார்த்தவர்கள். அப்புறம் குறிப்பை நீக்கிவிடச் சொல்லித் தனியாகவும் செய்தி வந்தது.

கேமரா என்னுடையது இல்லை. இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை, குறிப்பின் முதல் வரியிலேயே நான்தான் எழுதியிருந்தேன். காட்பாடி நண்பர் வாங்கினார், "நீயும் வேலைக்கு எடுத்துட்டுப் போ, என்ன தோணுதுன்னு சொல்லு" என்று கொடுத்தார். எடுத்துக்கொண்டு போனேன். வேலை பார்த்தேன். சொன்னேன். கையில் எடுத்து வேலை பார்த்தவன் சொல்லலாம். பில் யார் பேரில் இருக்கிறது என்பதற்கும் படம் எப்படி வந்தது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

அப்படி என்னதான் சொல்லிவிட்டேன்? குழுவில் இல்லாதவர்களுக்காக இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எடை. மிரர்லெஸ் (இசட்8 போல உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் லேசாக இருக்கும் என்று நம் பையன்கள் எல்லோரும் நம்புகிறார்கள். கண்ணாடி வைத்த என் நிக்கான் டி750 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 840 கிராம். இசட்8 அதேபோலப் போட்டால் 910 கிராம். பழைய லென்ஸ் மாட்ட எஃப்டிஇசட் அடாப்டரும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். முகூர்த்த நாளில் காலை நாலு மணியிலிருந்து தோளில் தொங்கவிடுகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் அணைக்கட்டுப் பக்கம் எருது விடும் விழாவுக்கு எடுத்துப் போனபோது அந்த எடை எனக்கு மறந்தே போய்விட்டது. நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் தடுப்பு, நடுவில் மண் தெரு, வாடிவாசலிலிருந்து அவிழ்த்துவிட்டால் காளை சில விநாடிகளில் எல்லைக் கோட்டைக் கடந்துவிடும். டி750 விநாடிக்கு ஆறரை படம். அதில் நல்ல பிரேம் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். கிளிக் ஆகும்போதெல்லாம் கண்ணாடி மேலே போய், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஒரு கணம் இருட்டாகும், அந்தக் கணத்தில்தான் காளை தலையைத் திருப்பும். இசட்8 விநாடிக்கு இருபது ரா படம் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கிறது, இருட்டே இல்லை. காளை என் கண்ணை விட்டு ஒரு நொடியும் போகவில்லை. நாலு காலும் தரையை விட்டு எழும்பி, கொம்பில் கட்டிய துணி பின்னால் பறக்க, மூக்கிலிருந்து தெறிக்கும் எச்சில் வரைக்கும் கூர்மையாக வந்த பிரேமை நான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கேமராவில் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சாதாரண எலக்ட்ரானிக் ஷட்டர், வெளிச்சத்தைப் பதியும் சென்சாரை மேலிருந்து கீழே வரிவரியாக மெதுவாகப் படிப்பதால், ஓடுகிற பொருள் சாய்ந்து தெரியும். இதில் சென்சாருக்குப் பின்னாலேயே நினைவக அடுக்கு இருப்பதால் வேகமாகப் படித்து முடித்துவிடுகிறது. காளையின் கால்கள் வளையாமல் நேராக நின்றன. கேமரா தானாக அடையாளம் காணும் என்று தயாரித்தவர்கள் தருகிற பட்டியலில் நாய், பூனை, பறவை, கார், ரயில், விமானம் எல்லாம் உண்டு, காளை கிடையாது. விலங்கு என்று வைத்தபோது நேராக வரும் காளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டது, பக்கவாட்டில் போகும்போது, காட்டிய பொருளைத் தொடர்ந்து துரத்தும் 3டி டிராக்கிங்குக்கு மாற்றினேன். இந்த ஒரு தகவலை எந்த யூடியூப் வீடியோவில் பார்த்தீர்கள்? நம் ஊர்த் தெருவில் நின்று எடுத்தவன்தானே சொல்ல முடியும்?

வெயிலையும் சொல்ல வேண்டும். நம் ஊர் மத்தியான வெயிலில் பின் திரையைப் பார்க்க உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தே பழகிவிட்டோம். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் எடுத்த படத்தையும் கண் எடுக்காமல் உள்ளேயே பார்த்துவிடலாம். அணைத்ததும் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்பு மூடிக்கொள்ளும்படி வைக்க முடிகிறது, அந்தப் புழுதியில் லென்ஸ் மாற்றும்போது நெஞ்சு பதறவில்லை.

கல்யாணத்தில் கதை வேறு. ஷட்டர் விழுவதற்கு ஒரு விநாடி முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பதியும் வசதி இருக்கிறது. தாலி கட்டும் நேரம், மூன்றாம் முடிச்சு, அட்சதை காற்றில் இருக்கும்போதே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வசதி ஜேபெக்கில் (கேமராவே சுருக்கித் தரும் படம், பிறகு நிறம் திருத்த இடம் குறைவு) மட்டும்தான், ராவில் இல்லை. மஞ்சள் விளக்கும் ஊதா எல்இடியும் கலந்து கிடக்கும் நம் மண்டப வெளிச்சத்தில் முகூர்த்தப் படத்தை ஜேபெக்கில் எடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? வரிவரியாகப் படிக்கும் எந்த எலக்ட்ரானிக் ஷட்டராக இருந்தாலும் எல்இடி வெளிச்சத்தில் கோடு விழும் ஆபத்து உண்டு. இதில் ஷட்டர் வேகத்தை மிக நுண்ணிய அளவில் நகர்த்தி அதைத் தவிர்க்கலாம், ஆனால் அதைப் பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்கு முன்பே செய்து வைத்துவிட வேண்டும். இன்னொன்று, சத்தமே இல்லாமல் எடுத்தால் மேடையில் நிற்கும் சொந்தக்காரர்கள் கிளிக் கேட்காமல் சிரித்தபடியே நின்றுகொண்டிருக்கிறார்கள். செயற்கைச் சத்தத்தைக் கூட்டி வைத்த பிறகுதான் வரிசை நகர்ந்தது.

லென்ஸ் விஷயத்தைச் சொன்னதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். நம்மில் பலரிடம் 85 எம்எம் 1.8 டி லென்ஸ் இருக்கிறது. மோட்டார் லென்ஸுக்குள் இல்லாத அந்த வகை லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. கையால் திருப்ப வேண்டும். பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமரா) மட்டும் பணம் சேர்த்துவிட்டு லென்ஸ் இருக்கிறது என்று நினைத்திருக்கும் பையனுக்கு இது எத்தனை பெரிய செய்தி! அதனால்தான் எழுதினேன். தடுக்கத்தான் எழுதினேன்.

"நிக்கான் வெறியன்" என்று ஒருவர். சோனியின் ஏ9 III, முழு பிரேமில் (35 எம்எம் பிலிம் அளவு சென்சார்) குளோபல் ஷட்டர், அதாவது சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கும் ஷட்டர், வைத்து வந்த முதல் கேமரா, 2023 நவம்பரில் அறிவித்தார்கள். கேனான் ஆர்5 மார்க் II-ஐ 2024 ஜூலையில் அறிவித்தார்கள். இரண்டையும் நான் கையில் தொட்டதில்லை. அதனால் அவற்றைப் பற்றி ஒரு வரி அபிப்பிராயமும் எழுதவில்லை. வெறியன் என்றால் தொடாமலேயே திட்டியிருப்பேனே?

"படம் எடுப்பது கேமரா இல்லை, கண்" என்று இன்னொருவர். சரி. அதை நான் எங்கே மறுத்தேன்?

"இதைப் படித்துவிட்டுப் பையன்கள் தவணையில் வாங்கி மாட்டிக்கொள்வார்கள்" என்பது ஒன்றுதான் மதிக்க வேண்டிய கேள்வி. அதற்கு எனக்கும் முழுப் பதில் இல்லை. 45.7 மெகாபிக்சல் ரா ஒவ்வொன்றும் 50 எம்பியை ஒட்டி இருக்கும், கார்டு, ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டர் எல்லாமே மாற்ற வேண்டி வரும் என்று நான் எழுதியதை அவர்களும் படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வாங்காதவன் பேசக் கூடாது என்கிறீர்களே, 2023 மே மாதம் இந்தக் கேமரா வெளிவந்த வாரம் உலகம் முழுக்க வந்த வீடியோக்களில் பெரும்பாலானவை கம்பெனி இரவலாகக் கொடுத்த பாடியில் எடுத்தவைதானே? அவர்களிடம் யாரும் பில் கேட்கவில்லை. அவர்களுடைய லிங்கை நீங்களே குழுவில் போட்டீர்கள். சென்னையில் இருப்பவன் இரவல் வாங்கினால் விமர்சகர், வேலூரில் இருப்பவன் இரவல் வாங்கினால் வக்கில்லாதவன். அப்படியா?

எனக்கு வலித்தது அந்த வார்த்தை இல்லை, அதை எழுதியவர் யார் என்பது. அண்ணா, பேர் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும். லாங்கு பஜார் பக்கத்து ஸ்டுடியோவில் நாம் இரண்டு பேரும் ஒரே மாஸ்டரிடம் இருந்தோம். அவர் தன் எஃப்எம்2 பிலிம் கேமராவை நம் கையில் கொடுத்தபோது நம்மிடம் பிலிம் ரோல் வாங்கவும் காசு இல்லை. "கீழ போட்டா பார்த்துக்கலாம், நீ முதல்ல பிடிச்சுப் பழகு" என்றார். கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியின் மேல் விழும் சாய்ந்த வெளிச்சத்தை அளக்க அவர் நமக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கேமராவில்தான். ஒருநாளாவது நம்மிடம் வக்கு இருக்கிறதா என்று கேட்டாரா? நீங்கள் தொழில் கற்றதும் இரவல் கேமராவில்தான் அண்ணா. நான் கற்றதும் அதில்தான். இந்த மாவட்டத்தில் கேமரா பிடிக்கிற எவனும் இரவல் வாங்காமல் வந்ததில்லை.

ஏற்கெனவே நம்மை மதிக்கிறவர்கள் குறைவு. கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்த பிறகுதான் போட்டோகாரனுக்கு இலை. பேசிய காசில் பாதியை ஆல்பம் வரட்டும் என்று பிடித்து வைக்கிறார்கள். கடையில் விலை உயர்ந்த பாடியை எடுத்துக் காட்டச் சொன்னால் முதலில் செருப்பைப் பார்க்கிறார்கள். போன வருடம் ஒரு கடையில், என் கையிலிருந்த கேமராவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு "எந்த பட்ஜெட்?" என்று கேட்டார்கள். அது வெளியாள் செய்தது, வந்துவிட்டேன். அதையே நம் குழுவுக்குள் நம் ஆளே செய்தால் நான் எங்கே போவது?

எருது விடும் விழா, கல்யாணம் இரண்டின் ரா கோப்புகளும் என் கடை கம்ப்யூட்டரில் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் வந்தாலும் நூறு சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிறேன், தவறிய பிரேம்களையும் சேர்த்தே. சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் வரலாம். அண்ணா, நீங்களும் வாருங்கள். உங்கள் 85 டி லென்ஸையும் எடுத்து வந்தால் அடாப்டரில் மாட்டி உங்கள் கையாலேயே திருப்பிப் பார்க்கலாம். பங்குனியில் பாரதக் கூத்து தொடங்கியதும் நண்பரிடம் திரும்பக் கேட்டு வாங்கிப் போய் ராத்திரி வெளிச்சத்தில் எப்படி வருகிறது என்று அதையும் எழுதுவேன்.

குழுவில் இருக்கும் குறிப்பை நீக்கச் சொல்லி இனி யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். நீக்க மாட்டேன்.