வகுத்துப் பார்த்து நிறுவியதல்ல

2024 அக்டோபரில் லூக் டூரண்ட் கண்டறிந்த, 4 கோடி இலக்கங்களுக்கும் மேற்பட்ட பகா எண்ணை, எல்லாச் சிறிய எண்களாலும் வகுத்துப் பார்த்துக் கணினி உறுதிசெய்தது என்கிறது இந்தக் கட்டுரை. அந்த வழியில் போனால் பிரபஞ்சத்தின் ஆயுளே போதாது! வகுத்துப் பார்ப்பது, பகா எண் அல்லாதவற்றைத் தொடக்கத்திலேயே களையெடுக்க மட்டுமே.

அது 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்துக் கிடைக்கும் மெர்சென் எண். முதலில், பகா எண்ணாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு என்று மட்டும் காட்டும் ஃபெர்மா சோதனையில் தேறியது. பிறகு மெர்சென் எண்களுக்கே உரிய லூகாஸ்–லேமர் சோதனைதான் அதை ஐயமற நிறுவியது. எவ்வளவு அழகான சோதனை என்று 31-ஐ வைத்தே பாருங்கள். அது 2-இன் 5-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழித்தால் 14. மறுபடி செய்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை: 8-இன் வர்க்கமான 64-இல் 2 போக 62. அது 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது, எனவே 31 பகா எண். அடுக்கைவிட இரண்டு குறைவாக, மூன்றே படிகள்.

இதன் முன்னோடி முறையால்தான் 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூகாஸ், 2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த 39 இலக்க எண் பகா எண் என்று கணினியே இல்லாமல் காட்டினார். மாணவர்கள் படிக்கும் கட்டுரை இது. வகுத்துப் பார்த்ததாகச் சொல்லும் அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.