ஒரு பொய்யனால் மட்டும் ஈராக் போர் வரவில்லை

2003 ஈராக் போர் பற்றிப் பேச்சு வந்தாலே, சதாமிடம் கிருமி ஆயுதம் இருப்பதாகக் கதை கட்டி, கர்வ்பால் என்ற ஒரு பொய்யன் அமெரிக்க உளவுத்துறையை ஏமாற்றிவிட்டான் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அடைக்கலம் கேட்டு வருகிற ஆள், தன் மதிப்பைக் கூட்டிக்கொள்ள கதை கட்டக்கூடும் என்பது உளவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி. பிறகு எப்படி அந்தக் கதை ஐ.நா. பாதுகாப்பு அவை வரை போனது?

கர்வ்பால் என்பது சங்கேதப் பெயர். ஆள் ரஃபீத் அல்ஜனாபி, ஈராக்கிய ரசாயனப் பொறியாளர், 1999ல் ஜெர்மனிக்கு வந்தவர். சதாம் லாரிகளில் கிருமி ஆயுதம் தயாரிக்கிறார், நான் அந்த இடத்திலேயே வேலை பார்த்தேன் என்று ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்னார். அந்த வளாகத்தில் அவர் வேலை பார்த்தது உண்மை, அதனால் கட்டடம், ஆட்கள், இயந்திரங்கள் பற்றியெல்லாம் சரளமாகப் பேச முடிந்தது. பொய்யைச் சுற்றி இவ்வளவு நிஜம் இருந்ததால்தான் அது எடுபட்டது. சுமார் நூறு அறிக்கைகள் அமெரிக்க ராணுவ உளவு அமைப்புக்குப் போயின. ஆனால் அமெரிக்கர்கள் அவரை நேரில் விசாரிக்க ஜெர்மனி விடவில்லை, அவருக்கு அமெரிக்கர்களைப் பிடிக்காது என்று காரணம் சொன்னது.

உளவுத் தகவல் எவ்வளவு நம்பகமானது என்று மதிப்பிட நேட்டோ ராணுவங்களில் ஒரு பழைய முறை உண்டு. தகவல் தரும் ஆளுக்கு ஏ முதல் எஃப் வரை ஒரு எழுத்து, அவர் தந்த தகவலுக்கு 1 முதல் 6 வரை ஒரு எண். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் நம்பகமான ஆளும் தவறான செய்தி கொண்டு வரலாம், நம்ப முடியாதவரும் உண்மையைக் கொண்டு வரலாம். டோக்கியோவில் இருந்த சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கே குடிகாரர், பெண்கள் விஷயத்தில் கெட்ட பேர் எடுத்தவர். ஆனால் 1941ல் ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கப்போகிறார் என்று அவர் அனுப்பிய செய்தி சரியாகவே இருந்தது, ஸ்டாலின்தான் நம்பவில்லை. அதனால் சந்தேகப்பட்டால் மட்டும் போதாது, சொன்னதை வேறு வழியில் சரிபார்க்க வேண்டும்.

கர்வ்பால் விஷயத்தில் சரிபார்க்க வழி இருந்தது என்பதுதான் கொடுமை. லாரிகள் உள்ளே போய் வருவதாக அவர் சொன்ன இடத்தில், செயற்கைக்கோள் படத்தில் ஒரு சுவர் தெரிந்தது! லாரி போகவே முடியாது. அதைப் பார்த்த ஆய்வாளர்கள் கதையைச் சந்தேகிக்காமல் சுவரைச் சந்தேகித்தார்கள், ஈராக் கண்ணைக் கட்டுவதற்காகச் செய்த வேலையாக இருக்கும் என்று. முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் எந்தச் சான்றும் அதற்குச் சாதகமாகவே தெரியும்.

அப்புறம் அந்த 'நான்கு சாட்சிகள்'. 2003 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல், ஐ.நா. பாதுகாப்பு அவையில் உலகத்தின் முன் இந்த நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள் பற்றிப் பேசும்போது நான்கு பேரைச் சான்றாகக் காட்டினார். கேட்டவர்களுக்கு மலைப்பாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாதம் பெரும்பாலும் கர்வ்பால் ஒருவரையே நம்பி நின்றது. நால்வரில் ஒருவரான முன்னாள் ஈராக் ராணுவ மேஜர் கதை கட்டுகிறவர் என்று 2002 மே மாதமே எச்சரிக்கைக் குறிப்பு போடப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பு யார் கண்ணிலும் படாமல் அவர் பவலின் பேச்சுக்குள் வந்துவிட்டார்.

என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். தகவல் மேலே ஏற ஏற, கீழே இருந்தவர்களின் சந்தேகம் ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிட்டது. கீழே 'இவர் சொல்கிறார், உறுதி செய்ய முடியவில்லை' என்று இருந்தது மேலே போனபோது 'ஈராக்கிடம் இருக்கிறது' என்று ஆகிவிட்டது.

போருக்கு முன் கர்வ்பாலை நேரில் பார்த்த அமெரிக்க அதிகாரி ஒரே ஒருவர்தான். பவல் பேசுவதற்கு முந்தைய நாள், இந்த ஆளை நம்பலாமா என்று அவர் தன் சந்தேகங்களை மின்னஞ்சலில் எழுதினார். கர்வ்பால் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்தப் போர் நடக்கத்தான் போகிறது என்ற பொருளில் மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. இது பிறகு அமெரிக்க செனட் அறிக்கையிலேயே பதிவானது. இதைப் படித்த பிறகும் ஏமாந்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

2004 மார்ச்சில்தான் சி.ஐ.ஏ. அவரை நேரில் விசாரிக்க முடிந்தது. கதை நிற்கவில்லை, மே மாதமே அவர் சொன்னதெல்லாம் புனைவு என்று அறிவித்து அறிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2011ல் அவரே பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். நேரில் விசாரிக்க முடியாத ஒருவரின் வாக்குமூலத்தை, குறைந்தபட்சம் பவலின் பேச்சிலிருந்தாவது எடுத்திருக்க வேண்டும். அதற்கு அந்த ஒரு மின்னஞ்சலே போதுமான காரணம்.