பழைய மரவேலை பிளானைப் பகிர்ந்தால் முழுதாகப் பகிருங்கள்

பழைய இதழ்களில் வந்த மேசை, நாற்காலி, புத்தக அலமாரி பிளான்களைப் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்கள் நமக்குள் பகிர்ந்துகொள்கிறோம். நல்ல பழக்கம், இன்னும் நிறைய நடக்க வேண்டும். ஆனால் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே ஒரு படம். எந்த இதழ், எந்த வருடம், பலகை வெட்டும் பட்டியல் இருந்த பக்கம் எங்கே, எதுவும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு ரசிக்கலாம், ஒரு ஸ்டூல்கூடச் செய்ய முடியாது.

அமெரிக்காவில் கஸ்டவ் ஸ்டிக்லி சொந்தமாக மரச்சாமான் நிறுவனம் நடத்தியவர். 1901 முதல் 1916 வரை வந்த தன் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ இதழில், வாசகர்கள் வீட்டிலேயே செய்துகொள்வதற்கான வரைபடங்களையும் வெளியிட்டார். விற்கிறவரே செய்முறையையும் கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அப்படித் தாராளமாக வந்த ஒன்றை நாம் பாதியாக நறுக்கி அனுப்புவது சரியில்லை.

முதலில் வருடம். இதை விடவே கூடாது. அமெரிக்க பிளான்களில் ‘2க்கு 4’ என்று போட்டிருக்கும் சட்டம் இழைத்து முடித்த பிறகு 2 அங்குலமும் இருக்காது, 4 அங்குலமும் இருக்காது. 1970-ல் வந்த தரநிலைப்படி அது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். அதற்கு முந்தைய காலத்தில் 1 5/8-க்கு 3 5/8 அங்குலம் பரவலாக இருந்தது. எட்டுச் சட்டங்களை ஒட்டி மேசைப் பலகை செய்தால் பழைய அளவில் அகலம் 29 அங்குலம், புதிய அளவில் 28. ஒரு அங்குலம் காணாமல் போனால் கீழே இருக்கும் கால்சட்டத்தின் அளவு எல்லாம் மாறும். பிளைவுட்டிலும் இதே கதைதான். முக்கால் அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்குகிறவர் பிளானில் உள்ளபடி காடி (தட்டைச் செருகும் பள்ளம்) எடுத்தால் தட்டு ஆடும்.

பதிப்புரிமை விஷயத்துக்கும் வருடம் வேண்டும். அமெரிக்காவில் 1929 வரை வெளியானவை இப்போது பொதுச்சொத்து, தயங்காமல் பகிரலாம். 1963 வரை வந்தவற்றில் 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்காதவையும் அப்படியே. இந்தியச் சட்டத்தில் கணக்கு வேறு, பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள். உரிமை இன்னும் இருக்கும் பிளான் என்றால் ஸ்கேன் அனுப்பாமல் இதழின் பெயர், மாதம், பக்க எண் சொன்னால் போதும். தேடுகிறவர் வாங்கிக்கொள்வார்.

அப்புறம் ஸ்கேன். போனில் சாய்வாக எடுத்த படத்தில் நாற்காலிக் காலின் வளைவு கோணலாகிவிடும். இதழின் நடு மடிப்புக்குப் பக்கத்தில் உள்ள கோடுகள் எப்போதுமே நெளியும். தாளைச் சமமாக வைத்து 600 டிபிஐ-யில் எடுங்கள், ஓரத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்தே எடுங்கள். அச்சில் அளவு சுருங்கினாலும் ஸ்கேல் காட்டிக்கொடுத்துவிடும். கட்டம் போட்ட வரைபடம் என்றால் ஒரு கட்டம் எத்தனை அங்குலம் என்ற வரி எங்கேயாவது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள், அந்த வரி இல்லாமல் வளைவைப் பெரிதாக்க முடியாது.

நான் மிகவும் மதிப்பது இன்னொன்றை. அந்த பிளானை வைத்து ஏற்கெனவே செய்தவரின் குறிப்பு. மேசைப் பலகையை நான்கு பக்கமும் இறுக்கித் திருகச் சொல்லும் பழைய பிளான்கள் உண்டு. ரேகைக்குக் குறுக்கே மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், இறுக்கிவிட்டால் பிளக்கும். திருகுக்கு நீள்துளை போட்டேன், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப்பசைக்குப் பதில் வெள்ளைப் பசை போட்டேன் என்று செய்தவர் எழுதும் நான்கு வரி, அடுத்து செய்கிறவரின் மரத்தைக் காப்பாற்றும். அசல் தாளில் கிறுக்காமல் தனித் தாளில் எழுதுங்கள். அசல் அசலாகவே இருக்கட்டும்.

எச்சரிக்கையும் அந்தத் தாளில் வர வேண்டும். பழைய பிளான்களில் ஈயம் கலந்த பெயின்ட், அடுப்புக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, ஓக் மரத்தை அடர்பழுப்பாக்க அம்மோனியா புகை எல்லாம் சாதாரணமாக வரும். ரம்பத்தின் காப்புமூடியைக் கழற்றிவிட்டு எடுத்த படங்களும் வரும். புதிதாகக் கற்கிறவர் படத்தில் பார்த்ததைத்தான் செய்வார்.

குழந்தைக் கட்டில் பிளான் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்க விதிப்படி கம்பிச்சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 60 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பக்கச்சட்டம் கீழே இறங்கும் வகைக் கட்டில்களுக்கு 2011-ல் தடையே வந்துவிட்டது. இந்த விதிகளுக்கு முந்தைய பிளான் எவ்வளவு அழகாக இருந்தாலும், வரலாற்றுக்காகப் படத்தைக் காட்டலாம். செய்து பாருங்கள் என்று அளவுகளோடு யாருக்கும் அனுப்பாதீர்கள்.