பெனே பிராக்கில் கதவு தட்டுபவர்கள்

ஆறு வருடம் பெனே பிராக்கில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். டெல் அவிவை ஒட்டிய நகரம் அது. ஹரேதிகள் எனப்படும் கடும் ஆசாரமான யூதர்கள் நெருக்கியடித்து வாழும் ஊர். எல்லாரையும் போல நானும் அந்த அம்மாவை சவ்தா என்றுதான் கூப்பிட்டேன். எபிரேயத்தில் பாட்டி.

வேலைக்குப் போகாமல் வேதம் படிக்கும் ஆண்களுக்கு இஸ்ரேல் அரசு பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தால் நம்மவர்கள் ‘சோம்பேறிகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. சவ்தாவின் பேரன் விடிவதற்கு முன் கிளம்பிப் போய், இரவு வீடு திரும்பிய பிறகும் யூதச் சட்ட நூலான தால்முத்தின் ஏட்டை மூடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் நான். அது சோம்பல் இல்லை. ஆனாலும் அந்தப் படிப்புக்கு அரசு பணம் கூடாது, சமூகம்தான் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

சாயங்காலம் ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்கும். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், கையில் ரப்பி, அதாவது யூத மதகுரு, கையெழுத்திட்ட கடிதத்தோடு நிற்பார். வாசல் பக்கத்து மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அதில் இரண்டு, ஐந்து, பத்து ஷெக்கெல் நாணயங்கள். சவ்தாவால் எழுந்து நடக்க முடியாது. நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன் கட்டிலில் இருந்தபடியே விசாரணை நடக்கும். எந்தக் கோலேல்? எத்தனை பேர் படிக்கிறார்கள்? இந்த வாரம் எந்தப் பகுதி? ஒருவர் பதில் சொல்லத் திணறினார். அவருக்கு இரண்டு ஷெக்கெல்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன், விளக்கேற்றும் நேரத்தில் தகர உண்டியலில் ஒரு காசு போடுவதும் தவறாது.

கோலேல் என்பது கல்யாணமான ஆண்கள் முழுநேரம் படிக்கும் கூடம். அவர்களைத் தாங்கிப் பிடிப்பது அந்த மதத்தில் புதிதல்ல. யாக்கோபின் மகன்களில் செபுலோன் வணிகம் செய்தான், இசக்கார் தோரா எனும் யூத வேதம் படித்தான், வருமானமும் புண்ணியமும் இருவருக்கும் பங்கு என்று மரபு சொல்கிறது. இன்றும் பணக்காரர் ஒருவரும் படிப்பாளி ஒருவரும் அந்தப் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். 1803-ல் வொலோஜின் ஊரில் யெஷிவா எனப்படும் வேதப் பள்ளி தொடங்கும் முன், கிழக்கு ஐரோப்பாவில் யெஷிவா மாணவன் பொதுவாக நாளுக்கு ஒரு வீட்டில் சாப்பிட்டான். அந்த அவமானம் வேண்டாமென்று வொலோஜின், ஊர் ஊராக ஆள் அனுப்பி நிதி திரட்டி, அதிலிருந்து மாணவர்களுக்குப் படி அளந்தது. முறை மாறியதே தவிர, கொடுத்தது மக்கள்தான்.

ரம்பம் என்று அவர்கள் அழைக்கும், பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸின் கதை எனக்கு மறக்காது. தம்பி தாவீது ரத்தின வியாபாரம் செய்து அண்ணனைப் படிக்க வைத்தார். அந்தத் தம்பி நம் இந்தியப் பெருங்கடலில் கப்பலோடு மூழ்கினார். அண்ணன் ஒரு வருடம் படுத்த படுக்கை. பிறகு மருத்துவராகிப் பிழைத்தார். வேலை செய்யாமல் தர்மத்தில் வாழ்ந்தபடி தோரா படிப்பேன் என்பவன் கடவுளின் பெயரையே இழிவுபடுத்துகிறான் என்று எழுதியவரும் அவர்தான். பின்னால் வந்த பெரியவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

அரசு எப்படி உள்ளே வந்தது? ஐரோப்பாவின் யெஷிவாக்களை நாஜிகள் அழித்த பிறகு, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் சுமார் 400 மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்குக் கொடுத்தார். அதில் நியாயம் இருந்தது. 1977-ல் பிரதமர் பெகினின் அரசு எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டது. 2024-ல் இந்த விலக்கு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது ராணுவ வயதில் இருந்த யெஷிவா மாணவர்கள் சுமார் 63,000 பேர். அந்த ஜூன் 25-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: விலக்களிக்கச் சட்டம் இல்லை, ஆள் சேர்க்க வேண்டும், அவர்கள் பெயரில் யெஷிவாக்களுக்குப் பணமும் போகக் கூடாது.

வரி கட்டுகிறவர்களின் கோபம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையை மாதக்கணக்கில் போர்முனைக்கு அனுப்பிய தாயின் கோபம் அதைவிடப் பெரிது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஏற்பாடு படிக்கிறவனையே பூட்டி வைத்தது.

‘தோராவே என் தொழில்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் விலக்கும் உதவித்தொகையும் கிடைத்தன. எழுதிக் கொடுத்த பிறகு வேலைக்குப் போக முடியாது என்ற நிலை இருந்தது. போனால் ராணுவ அழைப்பு வந்தது. விலக்கு நிரந்தரமாகும் வயது பல காலம் 26-ஆக இருந்தது. சவ்தாவின் பேரனுக்கு 23 வயதில் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்ள ஆசை வந்தது. வீட்டில் கெட்டுப்போன சுவிட்சைக் கழற்றி மாட்டும்போது அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள். மூன்று வருடம் காத்திருந்தார். மனம் பாதி வெளியே போய்விட்ட ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தலையை எண்ணி யெஷிவாவுக்குப் பணம் அனுப்பியது அரசு. சவ்தா கேட்ட மாதிரி, இந்த வாரம் என்ன படித்தாய் என்று கேட்டிருக்குமா?

அமெரிக்காவில் லேக்வுட் என்ற ஊரில் 1943-ல் ரப்பி ஆரோன் கோட்லர் தொடங்கிய யெஷிவா இன்று உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஏழைக் குடும்பங்கள் பொதுவான அரசு உதவிகளைப் பெறுவதுண்டு. ஆனால் கோலேலில் உட்காருவதற்கென்று அரசு சம்பளம் கிடையாது. கல்யாணத்துக்குப் பின் சில வருடம் படித்துவிட்டுப் பலர் தொழிலுக்குப் போகிறார்கள். போனவரே பிறகு கொடுக்கிறவராகிறார். எருசலேமிலேயே, இஸ்ரேல் என்ற நாட்டையே ஏற்காத சத்மார் எனும் ஹரேதிப் பிரிவினர் அந்நாட்டு அரசிடம் பைசா வாங்குவதில்லை. அவர்களின் அரசியல் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அவர்களுடைய பள்ளிகள் நடக்கின்றன.

சமூக நிதி மட்டும் என்றால் பாரம் பெண்கள் தலையில் விழும் என்பார்கள். இப்போது மட்டும் எங்கே இருக்கிறது? ஹரேதிப் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் வேலைக்குப் போகிறார்கள். ஆண்களில் பாதிக்குச் சற்று மேல். பேரனின் மனைவி காலை ஏழு மணிக்குக் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கணக்கு எழுதும் வேலைக்கு ஓடுவார். மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்த நாட்கள் உண்டு.

அதனால்தான் ஒரு விஷயத்தில் எனக்கு அந்த அரசின் மேலும் கோபம். தீர்ப்புக்குப் பின், தந்தை ராணுவத்துக்குப் போக வேண்டியவராக இருந்தால் குழந்தைக்கான காப்பகக் கட்டணச் சலுகையையும் நிறுத்த வேண்டும் என்றார் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல். கோலேல் பணத்தை நிறுத்துங்கள், சரி. ஆண்பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்றுக்கொடுக்கச் செலவிடுங்கள், நல்லது. தாயின் சம்பளத்தை நம்பி நடக்கும் வீட்டில் காப்பகத்தின் மேல் கை வைக்காதீர்கள்.

பேரன் 26 வயது முடிந்ததும் எலக்ட்ரீஷியன் வகுப்பில் சேர்ந்தார். போன மாதம் தொலைபேசியில் பேசினார். பகலில் வயரிங் வேலை, இரவு எட்டு மணிக்கு மேல் தால்முத். பழைய கோலேலில் தன்னோடு ஜோடி சேர்ந்து படித்தவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறாராம். எந்தப் பகுதி வரை வந்திருக்கிறார் என்று கேட்டேன். பெயரைச் சொல்லி, எத்தனையாவது ஏடு என்பது வரை சொன்னார்.