பார்வைக்கு வருபவர் பாயில் உட்காரட்டும்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறையில், என் பொறுப்பில். போன வாரம் பள்ளியைப் பார்வையிட வந்தவர் பாடக்குறிப்பேடு கேட்டார், சுவரில் படங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார், செயலியில் பதிவேற்றினார், கிளம்பிவிட்டார். பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று பள்ளிகள் பாக்கி. ஆனால் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது; பிள்ளைகள் தாங்களே செய்துபார்த்து, அவரவர் வேகத்தில் படிக்கும் முறை அது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் நடந்ததைப் பார்த்து இங்கே கொண்டுவந்தார். 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. பாட அட்டைகள், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் கற்றல் ஏணி, பிள்ளைகளின் கைக்கெட்டும் கரும்பலகை, அவர்கள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப்பந்தல். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். பார்வையிட வந்தவர்களில் பலர் மட்டும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். "ஏன் இவ்வளவு சத்தம்?" என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் ஏணிப் பதிவைக் கேட்பார்கள் என்பதற்காகவே தாளில் பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டவர்களில் நானும் உண்டு.

பள்ளிக்குப் பள்ளி போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுபவர்கள் ஆசிரியர் பயிற்றுநர்கள். 2009-ல் அப்படி வந்த ஓர் அம்மாவை மறக்கவே முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை 43-28=25 என்று போட்டிருந்தாள். நான் ஏற்கெனவே இரண்டு முறை தப்பு என்று அடித்த கணக்கு அது. அந்த அம்மா அடிக்கவில்லை. "இது எப்படி வந்துச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "பெருசுலருந்துதான் சின்னதைக் கழிக்கணும். எட்டுல மூணு போனா அஞ்சு. டீச்சர்தான் சொன்னாங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். அதே வார்த்தைகளில்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் போகும்வரை அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்புறம் வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னார்: "நானும் பத்து வருஷம் அப்படித்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்தேன். நாளைக்குக் குச்சிக்கட்டு கொண்டுவாரேன், நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுப்போம்." மறுநாள் நாலு பத்துக்கட்டும் மூணு குச்சியும் அந்தப் பிள்ளை முன்னால் வைத்தோம். எட்டை எடுக்க மூணு போதாமல் ஒரு கட்டை அவளே அவிழ்த்தாள். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தபோது அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் தேடினார்.

இப்போது தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாகப் பிரித்து, பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பாடம் நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொட்டில் இருக்கும் பிள்ளை ஏன் அங்கேயே நிற்கிறாள் என்பதை என்னோடு உட்கார்ந்து யோசிக்க ஓர் ஆள் வேண்டும். பயிற்றுநர்களுக்குப் புள்ளிவிவரம் திரட்டவே நேரம் போய்விடுகிறது. அந்தச் சுமையைக் குறையுங்கள். மதிப்பெண் போட வருகிறவர் ஒருவராகவும், கூட உட்கார வருகிறவர் வேறொருவராகவும் இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆள் என்றால் எந்த ஆசிரியர் தன் வகுப்பில் தடுமாறும் இடத்தைக் காட்டுவார்?

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு நான் ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், தப்புகளோடு. எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களே, நீங்களும் ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.