டிக் வெபர் வேடிக்கை காட்டவில்லை

நேற்று நண்பர் ஒருவர் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பியிருந்தார். ஒரு சரக்கு விமானம். இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு பௌலிங் தடம். ஒல்லியான ஒரு மனிதர் குனிந்து பந்தை உருட்டுகிறார். “விளம்பரத்துக்காக என்னென்ன கூத்தெல்லாம் அடித்திருக்கிறார்கள் பாருங்கள்” என்று கீழே எழுதியிருந்தார். அவர் தவறாக எதையும் நினைத்திருக்க மாட்டார். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. அந்த ஒல்லி மனிதர் டிக் வெபர். 2005 பிப்ரவரியில், 75 வயதில், செயின்ட் லூயிஸ் அருகே ஃப்ளோரிசன்ட் நகரில் காலமானார். நான் நேரில் பார்த்தே இராத ஒரு விளையாட்டு வீரருக்காக என் மனம் கலங்கியது அந்த ஒரு முறைதான்.

பௌலிங் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இது டென்பின் பௌலிங். எண்ணெய் பூசிய தடத்தில், நின்று உருட்டும் கோட்டிலிருந்து 60 அடி தள்ளி முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களை 7 கிலோ வரை எடையுள்ள பந்தால் சாய்க்கும் ஆட்டம். நம் ஊர் வணிக வளாகங்களில் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போய் நாம் உருட்டிவிட்டு வருவதும் இதைத்தான். அதனாலேயே இதை யாரும் விளையாட்டாக மதிப்பதில்லை. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆலைத் தொழிலாளிகள் வேலை முடிந்து பீர் குடித்துக்கொண்டே ஆடும் பொழுதுபோக்கு என்ற பேச்சு அங்கே அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

வெபர் அந்த உழைக்கும் மக்களிலிருந்து வந்தவர். 1929 டிசம்பரில் இண்டியானாபொலிஸில் பிறந்தார். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பௌலிங் ஆடினார். 1955இல் செயின்ட் லூயிஸிலிருந்து பட்வைசர் அணி அழைத்தது. மதுபான நிறுவனம் ஒன்று நடத்திய ஐவர் அணி அது. டான் கார்ட்டர், ரே புளூத், பாட் பேட்டர்சன், டாம் ஹென்னஸி ஆகியோரோடு இவரும் சேர்ந்தார். 1958 மார்ச்சில் ஒரே இரவில் மூன்று ஆட்டங்களில் அந்த ஐவரும் சேர்த்த புள்ளிகள் 3,858. அந்தச் சாதனையை முறியடிக்க 1994 வரை யாராலும் முடியவில்லை.

அதே 1958இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரத்து வழக்கறிஞர் எடி எலியாஸ், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று பிபிஏ என்ற சங்கத்தைத் தொடங்கினார். 33 பேர் ஆளுக்கு 50 டாலர் போட்டுச் சேர்ந்தார்கள். வெபர் அவர்களில் ஒருவர். மறு ஆண்டு அந்தச் சங்கத்தால் நடத்த முடிந்தவை மூன்றே போட்டிகள். அதில் இரண்டை வென்றவர் வெபர். விமானப் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 50 டாலர் சந்தாவில் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு. பேஸ்பால் வீரனைப் பார்க்க அரங்கத்துக்கு மக்கள் தாமாக வருவார்கள். பௌலிங் ஆட்டக்காரன்தான் மக்களைத் தேடிப் போக வேண்டும். 1964இல் போயிங் 707 சரக்கு விமானத்தில் தடம் போட்டு, பறந்துகொண்டிருக்கும்போது உருட்டச் சொன்னார்கள். உருட்டினார். தன் ஆட்டத்தை நாலு பேர் பேச வேண்டும் என்பதற்காக அவர் பார்த்த வேலைகளில் அதுவும் ஒன்று.

பின்னாளில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் அப்படித்தான். பின்களுக்குப் பதிலாகக் கண்ட பொருட்களையெல்லாம் நிறுத்தி வைப்பார்கள், வெபர் பந்தை உருட்டி உடைப்பார். லெட்டர்மேனும் இண்டியானாபொலிஸ்காரர்தான். பார்வையாளர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வெபரும் சிரிப்பார். ஆனால் பந்து கையை விட்டுப் போகும் அந்தக் கணத்தில் அவருடைய தோளையும் மணிக்கட்டையும் கவனித்துப் பாருங்கள். ஒரு பெரிய போட்டியின் இறுதி ஆட்டத்தில் உருட்டுவது போலவே உருட்டுவார். எதிரே நிற்பது எதுவாக இருந்தாலும் அவருக்கு அது ஆட்டம்தான். நான் அவரை விரும்பத் தொடங்கியதே அந்தப் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்துத்தான். தன் மேன்மையைக் காப்பாற்றிக்கொள்ள மேடையை விட்டு இறங்க மறுக்கிற கலைஞர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால், இறங்கி வந்து, மக்கள் நடுவில் நின்று, அப்போதும் கலையில் ஒரு நூல்கூடப் பிசகாதவன் அவர்களைவிடப் பெரியவன் என்பது என் கட்சி.

ஆட்டத்தில் குறை இருந்ததால் இப்படியெல்லாம் செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1962, 1963, 1965, 1966 என நான்கு முறை ஆல்ஸ்டார் பட்டம் வென்றவர். இன்று யு.எஸ். ஓப்பன் என்று நடப்பது அதன் தொடர்ச்சிதான். பிபிஏ கணக்கில் மொத்தம் 30 பட்டங்கள். 1965இல் ஹூஸ்டனில் ஒரே போட்டியில் மூன்று முறை 300 எடுத்தார். 300 என்றால் பன்னிரண்டு முறை உருட்டி, பன்னிரண்டு முறையும் பத்துப் பின்களையும் முதல் பந்திலேயே சாய்ப்பது (அப்படிச் சாய்ப்பதற்கு ஸ்டிரைக் என்று பெயர்). அதற்கு முன் ஒரே பிபிஏ போட்டியில் மூன்று முறை அதை எடுத்தவர் கிடையாது. பல ஆண்டுகளாக வாரம் ஒரு நாள் ஆடுகிறேன். என் வாழ்நாள் உச்சம் 246. அன்று தொடர்ந்து ஏழு ஸ்டிரைக் விழுந்தபோதே எட்டாவதற்குக் கை நடுங்கியது. பன்னிரண்டாவது பந்தைக் கையில் எடுக்கும் மனிதனின் மூச்சு எப்படி இருக்கும் என்பதை என்னால் கற்பனைதான் செய்ய முடியும்.

அவருடைய நீண்ட ஆட்ட வாழ்க்கையைப் பற்றி இன்னும் ஆழமாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. 1950களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை, ஆறு பத்தாண்டுகளிலும் ஏதேனும் ஒரு பிபிஏ பட்டமாவது வென்றிருக்கிறார். கடைசிக் காலத்தில் வென்றவை மூத்தோர் போட்டிகள். இதைச் சும்மா உடல்நலம் என்று கடந்துபோக முடியாது. அவர் ஆடத் தொடங்கியபோது கெட்டி ரப்பர் பந்து. பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1980களில் யூரித்தேன். 1990களில் தடத்தை இறுகப் பற்றித் திடீரென்று வளைந்து பாயும் ரெசின் பந்து. மரத்தடங்கள் போய்ச் செயற்கைத் தடங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோணம், வேகம், விரல் விடுபடும் நேரம் எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். நான் பிளாஸ்டிக் பந்திலிருந்து ரெசினுக்கு மாறியபோது ஒரு குளிர்காலம் முழுக்க என் சராசரி பாதாளத்தில் கிடந்தது. ஐம்பது வயதுக்கு மேல், பெயரும் புகழும் வந்த பிறகு, மறுபடி தவறு செய்து கற்றுக்கொள்ள ஒருவன் சம்மதிப்பது எவ்வளவு அரிது!

மகன் பீட் வெபரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? 37 பட்டங்கள், தந்தையைவிட ஏழு கூடுதல். ஆனால் குணத்தில் நேர்எதிர். கறுப்புக் கண்ணாடி, கூச்சல், கோபம், சங்கம் விதித்த இடைநீக்கங்கள். அப்பா கண்ணியவான், பிள்ளை அடாவடிக்காரன் என்று ஒப்பிட்டுப் பேசுவது பலருக்கு வழக்கம். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. 2012 யு.எஸ். ஓப்பன் இறுதி ஆட்டத்தில் பீட் தன் கடைசிப் பந்தில் ஸ்டிரைக் எடுத்தால்தான் மைக் ஃபேகனை வெல்ல முடியும் என்ற நிலை. எடுத்தார். 215–214. ஐந்தாவது யு.எஸ். ஓப்பன் பட்டம். தந்தையும் டான் கார்ட்டரும் நான்கோடு நின்ற இடத்தைத் தாண்டிய பட்டம். அப்போது அவர் “நீ யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நான்தான்!” என்று கத்திய, பொருளே விளங்காத அந்த வாக்கியத்தை இன்றுவரை இணையத்தில் கேலி செய்கிறார்கள். நான் அதில் கேட்டது வேறு. தந்தை இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு வயதிலேயே பந்தைத் தொட்ட பிள்ளை, போகிற இடமெல்லாம் ‘டிக் வெபரின் மகன்’ என்றே கேட்டு வளர்ந்தவர். அந்தத் தொண்டையில் அடைத்துக்கிடந்தது ஒழுங்கான வாக்கியமாகவா வெளியே வரும்? 2009இல் பிபிஏ தன் ஐம்பது ஆண்டு வரலாற்றின் தலைசிறந்த ஐம்பது பேரை வரிசைப்படுத்தியபோது தந்தைக்கு மூன்றாவது இடம், மகனுக்கு நான்காவது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

நான் லீகில் சேர்ந்த முதல் வாரம் இன்னும் நினைவிருக்கிறது. என் முறை வந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோட்டுக்குப் போய்விட்டேன். அணியில் மூத்தவரான ஒருவர் மெதுவாக வந்து என் முழங்கையைத் தொட்டார். வலப்பக்கத்துத் தடத்தில் ஒருவர் ஏற்கெனவே தயாராக நிற்கிறார், அவர் உருட்டி முடிக்கும் வரை நாம் அசையக்கூடாது, அவர் பார்வையில் படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு வெகுநேரம் வெபரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் அந்தப் பெயரையே முதன்முதலில் கேட்டேன்.

இன்று வியாழக்கிழமை. மாலை ஏழு மணிக்கு ஆட்டம். வலப்பக்கத்துத் தடத்தில், தாங்குசட்டத்தில் பந்தை வைத்துத் தள்ளும் நாலு வயதுக் குழந்தை நின்றாலும், அந்தப் பந்து ஊர்ந்து ஊர்ந்து கடைசிப் பின்னைத் தொடும்வரை என் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.