எனக்கு முன்பே முடிந்துவிட்ட தேர்தல்

2016 ஜூன் 6, திங்கட்கிழமை இரவு. மறுநாள் நியூஜெர்சியில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான உட்கட்சித் தேர்தல், அதாவது பிரைமரி. குடியுரிமை பெற்ற பிறகு நான் வாக்களிக்கவிருந்த முதல் பிரைமரி அது என்பதால், தபாலில் வந்திருந்த மாதிரி வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, யார் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று மனைவியோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கைப்பேசியில் செய்தி வந்தது: ஹிலாரி கிளிண்டனுக்குத் தேவையான பெரும்பான்மை கிடைத்துவிட்டது, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் அவரே. நியூஜெர்சி, கலிஃபோர்னியா உட்பட ஆறு மாநிலங்கள் மறுநாள்தான் வாக்களிக்க இருந்தன. "அப்படியென்றால் நாளைக்கு நாம் எதற்குப் போகிறோம்?" என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். வேட்பாளராவதற்கு அந்த ஆண்டு 2,383 பேராளர்களின், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் பிரதிநிதிகளின், ஆதரவு தேவைப்பட்டது. மக்கள் வாக்கின்படி தேர்வான பேராளர்கள் போக, ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சியின் தேசியக் குழுவினர் என்று எழுநூறுக்கும் மேற்பட்டோர் 'சூப்பர் டெலிகேட்' என்ற பெயரில், எந்த மாநிலத்தின் வாக்குக்கும் கட்டுப்படாமல் தம் விருப்பப்படி யாரையும் ஆதரிக்கும் உரிமை பெற்றிருந்தார்கள். செய்தி நிறுவனம் ஒன்று அவர்களைத் தனித்தனியே கேட்டு எண்ணிக் கூட்டி, கணக்கு நிறைந்துவிட்டது என்று அறிவித்துவிட்டது. அவர்கள் உண்மையில் வாக்களித்தது ஜூலை இறுதியில் ஃபிலடெல்பியா மாநாட்டில்தான்.

இதை வைத்துக்கொண்டு "பெர்னி சாண்டர்ஸிடமிருந்து வெற்றியைத் திருடிவிட்டார்கள்" என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கிளிண்டன் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சாண்டர்ஸைவிட ஏறத்தாழ 37 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். மக்கள் வாக்கால் தேர்வான பேராளர்களிலும் அவருக்கே தெளிவான பெரும்பான்மை இருந்தது. சூப்பர் டெலிகேட்டுகளே இல்லாதிருந்தாலும் அவர்தான் வென்றிருப்பார். 2018-இல் கட்சி விதியை மாற்றியது. போட்டி உள்ள மாநாட்டில் முதல் சுற்றில் அவர்களுக்கு இப்போது வாக்கில்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் ஜூன் மாத வாக்காளனுக்கு அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நாடு முழுவதும் ஐந்து மாதம் வாக்களிக்கிறது, முன்னால் வாக்களிப்பவருக்குப் பத்துப் பேர் முன்னால் நிற்கிறார்கள், கடைசியில் வாக்களிப்பவருக்கு ஒருவர்தான் மிஞ்சுகிறார்.

இந்த முறை வந்த கதையை மறந்துவிடக் கூடாது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். பிரைமரிகளில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்டவர்கள் யூஜின் மெக்கார்த்தியும், கலிஃபோர்னியாவில் வென்ற இரவிலேயே சுடப்பட்ட ராபர்ட் கென்னடியும்தான். சிகாகோ மாநாட்டு அரங்கத்துக்குள் கட்சிப் பெரியவர்கள் வேட்பாளரை முடிவு செய்தபோது, வெளியே தெருவில் இளைஞர்கள் காவல்துறையிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன் விளைவாகத்தான் விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் வேட்பாளரைத் தீர்மானிக்கும் உரிமை பெருமளவுக்குச் சாதாரண வாக்காளர் கைக்கு வந்தது. பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உரிமை மாநிலத்துக்கு மாநிலம் இப்படித் தேய்ந்துகொண்டே போவதுதான் என்னை வருத்துகிறது.

என் அக்கா மகன் ஐயோவாவில் படித்தவன். அங்கே பிரைமரிக்குப் பதிலாகக் காக்கஸ் என்ற கூட்டம். 2016 பிப்ரவரியில் அவன் போன கூட்டம் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. இந்த வேட்பாளரின் ஆதரவாளர்கள் இந்த மூலை, அந்த வேட்பாளரின் ஆதரவாளர்கள் அந்த மூலை என்று நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்திருப்பவர்களில் போதிய பங்கு சேராத குழுவினர் வேறு மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். அக்கம்பக்கத்தார் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். "ரொம்ப நன்றாக இருந்தது மாமா, எல்லோரும் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டார்கள்" என்றான். அவன் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குளிர்கால இரவு ஏழு மணிக்கு இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் எப்படி அங்கே போவார்? கைக்குழந்தை வைத்திருப்பவர்? தான் யாரை ஆதரிக்கிறோம் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்? ரகசிய வாக்கு என்பது ஒரு நாகரிகச் சடங்கு அல்ல, பாதுகாப்பு.

முப்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் மட்டுமே வாழும், பெரும்பாலோர் வெள்ளையர்களான அந்த ஒரு மாநிலம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் முதல் வடிகட்டியாக இருந்தது. அடுத்தது நியூ ஹாம்ப்ஷயர்; நாட்டின் முதல் பிரைமரி தனதாகவே இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டமே இயற்றி வைத்திருக்கிறது. சிறிய மாநிலத்தில் தொடங்குவதற்கு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணபலம் இல்லாதவர் வீடு வீடாகப் போய்ப் பேசி மேலே வர முடியும். 1976-இல் நாடு அதிகம் அறியாத ஜிம்மி கார்ட்டர் ஐயோவாவில் தொடங்கித்தான் வெள்ளை மாளிகைக்குப் போனார். சிறிய மாநிலம் சரி, எப்போதும் அதே சிறிய மாநிலம் ஏன் என்பதே என் கேள்வி.

விதிகளின் குழப்பம் தனிக்கதை. 2016-இல் நியூயார்க்கில் ஏப்ரல் 19 பிரைமரியில் வாக்களிக்க வேண்டுமானால், ஏற்கெனவே பதிவு செய்த வாக்காளர் தம் கட்சிப் பதிவை முந்தைய அக்டோபருக்குள் மாற்றியிருக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டதால் டொனால்ட் டிரம்பின் மகளும் மகனுமே தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனது. அதே ஆண்டு ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் விதிப்படி, 46 சதவீத வாக்குக்கும் சற்றுக் குறைவாகப் பெற்ற டிரம்ப் 99 பேராளர்களையும் எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு வாக்களித்த பாதிக்கும் மேற்பட்டோரின் பங்கு பூஜ்யம். ஜனநாயகக் கட்சி விகிதாச்சாரப்படி பிரித்துக் கொடுக்கிறது, அது மேல்தான் என்றாலும், வயோமிங்கில் சாண்டர்ஸ் 56-44 என்று வென்றும் பேராளர்கள் ஆளுக்கு ஏழு.

இனி 2024. இதை எழுதும்போது நம்மவர்கள் சிலர் வருத்தப்படக்கூடும். துளசேந்திரபுரத்துக் கோயிலில் கமலா ஹாரிஸுக்காக அர்ச்சனை நடந்த படங்களைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பேத்தி இந்த நாட்டின் அதிபர் வேட்பாளர் என்பது சிறிய செய்தியா? ஆனாலும் அவர் எப்படி வேட்பாளரானார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட முடியவில்லை. 2020 தேர்தலுக்கான போட்டியிலிருந்து அவர் 2019 டிசம்பரிலேயே, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்னரே, பணமில்லை என்று சொல்லி விலகியிருந்தார். 2024-இல் பிரைமரிகளில் அவர் நிற்கவே இல்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் ஜோ பைடனுக்கு வாக்களித்தார்கள். ஜூலை 21 அன்று பைடன் விலகினார். அடுத்த சில நாட்களில் பேராளர்கள் ஹாரிஸின் பின்னால் அணிதிரண்டார்கள்.

நான் ஹாரிஸைக் குறை சொல்லவில்லை. ஜூலை மாதத்தில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துணை அதிபரை விட்டுவிட்டு வேறு யாரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அநீதி என்ற கூக்குரல் இன்னும் பெரிதாக எழுந்திருக்கும். தவறு நடந்தது ஜனவரியில். ஃபுளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டுமே கொடுத்ததால் ஜனநாயகக் கட்சிக்கு அங்கே பிரைமரியே நடக்கவில்லை. கட்சி அட்டவணையை மீறி நடந்த நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியின் வாக்குச்சீட்டில் பைடன் பெயரே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டு அவரை வெற்றி பெறச் செய்தார்கள். எதிர்த்து நின்ற டீன் ஃபிலிப்ஸை யாரும் பொருட்படுத்தவில்லை. மிச்சிகனில் ஒரு லட்சம் பேர் 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுத் தங்கள் மனக்குறையைத் தெரிவித்தார்கள். பதவியில் இருப்பவரை உட்கட்சியில் சோதித்துப் பார்ப்பது துரோகம் என்று கட்சி நினைத்ததால், அந்தச் சோதனை டிரம்புடனான ஜூன் மாதத் தொலைக்காட்சி விவாதத்தில், பைடன் தடுமாறுவதை நாடே பார்க்க, நடந்தது. என் மகள் தன் முதல் வாக்கை அந்த ஆண்டு ஜூன் 4 பிரைமரியில்தான் போட்டாள். ஏழு வாரம்கூட ஆகவில்லை, அவள் வாக்களித்தவர் போட்டியில் இல்லை.

கட்சி என்பது தனி அமைப்பு, வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அதன் உரிமை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் பிரைமரிக்கான இயந்திரமும் பள்ளிக்கூடமும் பணியாளரின் சம்பளமும் எங்கள் வரிப்பணம். அதைவிட முக்கியமாக, இரண்டே கட்சிகள் வெல்லக்கூடிய நாட்டில், அந்த இருவர் யார் என்று முடிவாகும் இடத்தில்தான் பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது.

நியூஜெர்சியை மட்டும் முன்னால் நகர்த்தினால் போதாது. 2008-இல் எங்கள் மாநிலம் பிப்ரவரி 5-க்கு மாறிப் பார்த்தது. அதே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முண்டியடித்தன. பிறகு 2012-இல் ஜூனுக்கே திரும்பிவிட்டோம். நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலம் முதலில் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் சுழற்றும் திட்டத்தை மாநிலங்களில் தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்தது. அதோடு விருப்ப வரிசை வாக்கையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 2020-இல் கலிஃபோர்னியாவில் தபாலில் வாக்களித்துவிட்டுக் காத்திருந்தவர்களில் பலரின் வாக்கு, வாக்குப்பதிவு நாளான மார்ச் 3 விடிவதற்குள் வேட்பாளர்கள் பீட் புட்டிஜெஜும் ஏமி குளோபுஷாரும் விலகியதால் வீணானது. அதே ஆண்டு அலாஸ்காவிலும் ஹவாயிலும் ஜனநாயகக் கட்சியினர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களித்தார்கள். அங்கே முதல் விருப்பத்துக்குரியவர் விலகியிருந்தாலும் அடுத்த விருப்பம் கணக்கில் சேர்ந்தது.

2028-க்கான அட்டவணை வாக்குப்பதிவு தொடங்குவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும். இதைப் பற்றி எங்கள் மாவட்டக் கட்சிக் குழுவினரிடம் நேரில் பேச நாங்கள் சிலர் முயன்றுகொண்டிருக்கிறோம். எடிசன், பிஸ்கடவே பக்கம் இருக்கும் நண்பர்கள், எந்தக் கட்சியில் பதிவு செய்திருந்தாலும் சரி, சேர்ந்து வர விருப்பம் இருந்தால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.